அழுத்தமானியின் முள் ஏறுவது ஏன்?



ஆண்டுதோறும் திருவருகைக் காலம் நெருங்கும்போது நம் பங்குகளிலிருந்து தாய்மார் சிலர், குருவானவரிடம் ஆசீர் பெற்றுக்கொண்டு இங்கிலாந்துக்குப் பயணமாகின்றனர். அங்கே வாழும் மகளின் பேறுகாலத்தைப் பார்ப்பதற்கோ, பேரக்குழந்தையைப் பேணுவதற்கோ இவர்கள் செல்கின்றனர். கம்பளிச் சட்டை, காலுறை, நார்த்தங்காய் ஊறுகாய், பிள்ளைக்கு வசம்பு ஆகிய யாவற்றையும் நினைவாக எடுத்துவைக்கும் இவர்கள், தாம் தங்கவிருக்கும் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் இயந்திரத்தைப் பற்றி யாதொன்றும் அறியாமலே விமானம் ஏறுகின்றனர். மகளும் மருமகனும் வெளியே சென்றிருக்கும் பகல்வேளையில், அடுக்களைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டியின் முள் சிவப்பு எல்லைக்குள் நுழைந்துவிட்டது. வெளிச்சுவரிலுள்ள குழாயிலிருந்து வெந்நீர் சொட்டுகிறது. கையிலோ குழந்தை. அத்தாய் என்ன செய்வார்? “அம்மா, அதை மட்டும் தொட்டுவிடாதீர்கள்” என்று பிள்ளைகள் சொல்லிச் சென்றிருப்பர். ஏன் தொடலாகாது, எதைத் தொடலாம் என்பதை எவரும் சொல்லியிரார்.

ஆகவே, இவ்வீட்டுக் கொதிகலன்களில் நீரின் அழுத்தம் மிகுவதன் காரணங்களையும், அவற்றைப் பிரித்தறியும் வகையையும் இம்மாதம் எழுத எண்ணினோம். பயணம் செல்லும் தாயார்க்கு மட்டுமன்றி, அங்கேயே குடியிருக்கும் பிள்ளைகளுக்கும் இது பயன்படக்கூடும். இவ்விதழைப் படித்தபின் அவர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

நம் நாட்டுப் பழைய வீடுகளில் குளியலறைக்கு வெளியே செப்புப் பாய்லர் ஒன்று இருக்கும். நடுவே புகைபோக்கி, அடியில் விறகு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய். அந்த வாய் திறந்திருந்தமையால் நீர் எவ்வளவு சூடேறினாலும் அழுத்தம் என்னும் பேச்சே அதில் எழவில்லை. இங்கிலாந்து நாட்டு வீட்டின் கொதிகலனோ முற்றிலும் வேறு. அதன் பெயர்தான் கொதிகலனே தவிர, அது நீரைக் கொதிக்க வைப்பதில்லை. எரிவாயுவைக் கொண்டு நீரை 60 முதல் 80 பாகை வரை சூடாக்கி, அந்நீரை ஒரு பம்பின் உதவியால் அறைதோறும் சுவரோரம் நிற்கும் இரும்பு ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. அறைக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த நீர் மீண்டும் கொதிகலனுக்கே வந்து சேருகிறது. ஒரே நீர், ஆண்டுக்கணக்கில், மூடிய வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குளிப்பதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் நாம் திறக்கும் வெந்நீர் இதனின்று வேறானது. அது தெருக்குழாயிலிருந்து வந்து, இச்சுற்றின் வெப்பத்தை மெல்லிய தகடுகளின் வழியே பெற்றுக்கொண்டு தனிவழியே செல்லும். இவ்விரு நீரும் ஒன்றையொன்று தொடுவதில்லை, தொடவும் கூடாது.

மிகப் பழைய வீடுகள் சிலவற்றில் இச்சுற்று மூடியதன்று. கூரைக்கடியில் ஒரு சிறு தொட்டி இருக்கும். விரியும் நீர் அதில் ஏறி நிற்கும். அத்தகைய வீடுகளுக்கு இக்கட்டுரை பொருந்தாது. முள்ளுள்ள வட்டமான அழுத்தமானியோ, எண் காட்டும் சிறு திரையோ கொதிகலனில் இருக்குமாயின் அது மூடிய சுற்று என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அழுத்தத்தை அவர்கள் ‘பார்’ என்னும் அளவையால் குறிக்கின்றனர். ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தன் அடியில் தரும் அழுத்தமே 1 பார். மாடியுள்ள சாதாரண வீட்டின் உச்சி ரேடியேட்டர் வரை நீர் நிரம்பி நிற்க 1 பார் போதுமானது. ஆகவே கொதிகலன் குளிர்ந்திருக்கும்போது முள் 1-க்கும் 1½-க்கும் இடையில் நிற்றல் முறை. சூடேறியபின் அது 2 வரை ஏறுவது இயல்பே. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. 2½-ஐத் தாண்டிச் செல்வதே கவனிக்கத்தக்கது. 3-ஐ எட்டும்போது பாதுகாப்பு வால்வு தானே திறந்துகொண்டு நீரை வெளியேற்றும்.

நீர் சூடேறினால் விரியும் என்பதைப் பள்ளியிற் படித்திருப்போம். எவ்வளவு விரியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 100 லிட்டர் நீரை 10 பாகையிலிருந்து 70 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 102¼ லிட்டராகிறது. இரண்டேகால் லிட்டர்தானே என்று எண்ணலாகாது. நீரை அமுக்கிச் சுருக்க இயலாது. காற்றாயின் அமுக்க அமுக்க ஒடுங்கும். நீரோ மிகப் பெரும் விசைக்கும் இம்மியளவே ஒடுங்கும். ஆதலின் முற்றிலும் நீரால் நிரம்பி மூடப்பட்ட சுற்றில், அந்த இரண்டேகால் லிட்டருக்கு இடம் தராவிடில் எங்கேனும் ஓரிடம் பிளந்தே தீரும். புது இரசத்தைப் பழைய தோற்பைகளில் ஊற்றுவதைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையைக் கேட்ட மக்களுக்கு இவ்வுண்மை நன்கு விளங்கியிருக்கும். புளித்துப் பொங்கும் இரசத்துக்கு விரிந்துகொடுக்கும் புதுத்தோல் வேண்டும்; விறைத்துப்போன பழந்தோல் கிழிந்துபோகும்.

வெப்பச்சுற்றில் அப்புதுத்தோலின் வேலையைச் செய்வது ‘விரிவுக் கலன்’ எனப்படும் ஓர் இரும்புக் குப்பி. சிவப்பு அல்லது சாம்பல் வண்ணத்தில் தட்டையாகவோ உருண்டையாகவோ இருக்கும். பல கொதிகலன்களில் பெட்டிக்குள்ளேயே அமைந்திருப்பதால் கண்ணில் படுவதில்லை. அதன் நடுவே ஒரு ரப்பர்த் திரை. ஒருபுறம் சுற்றின் நீர், மறுபுறம் அடைக்கப்பட்ட காற்று. நீர் விரியும்போது திரையைத் தள்ளுகிறது. காற்று ஒடுங்கி இடங்கொடுக்கிறது. நீர் குளிர்ந்ததும் காற்று மீண்டும் விரிந்து நீரைத் திருப்பி அனுப்புகிறது.

எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதை 1662-ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதியே நமக்குச் சொல்லிவிடும். வெப்பநிலை மாறாதிருக்க, காற்றின் கன அளவு பாதியானால் அழுத்தம் இருமடங்காகும் என்பது அவ்விதி. 8 லிட்டர்க் கலனில் முள்ளின் கணக்கில் 1 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டுள்ளது என்று கொள்வோம். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் அது 2 பார். சுற்றையும் 1 பாருக்கே நிரப்பியிருந்தால், விரிந்த இரண்டேகால் லிட்டர் உள்ளே புகும்போது காற்றுக்கு எஞ்சுவது 5¾ லிட்டர் இடம், முள் 1.8 அளவில் நிற்கும். எவ்வித இடரும் இல்லை. அதே சுற்றை ஒருவர், ‘சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும்’ என்று குளிர்ந்த நிலையிலேயே 2 பாருக்கு நிரப்பிவிட்டால், காற்று முன்னரே 5⅓ லிட்டராக ஒடுங்கிவிடும். அதற்குமேல் இரண்டேகால் லிட்டர் புகுமானால் கணக்கின்படி முள் 4-ஐத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்குள் 3-இல் வால்வு திறந்துவிடும். இயந்திரத்தில் எப்பழுதும் இல்லாமலே, நிரப்பியவரின் தாராள மனம் ஒன்றே நீரைத் தெருவில் சொட்ட வைத்துவிடும்!

நிற்க. அந்த வால்வைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். கொதிகலனிலிருந்து வெளிச்சுவருக்குச் சென்று, முனை சுவரை நோக்கி வளைந்து நிற்கும் சிறு செப்புக்குழாய் அதனுடையது. பாயிலுடன் சேர்ந்து ஆய்வுகள் நடத்திய டெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு நாட்டவரே, 1679-இல் இறைச்சி எலும்புகளை மென்மையாக வேகவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்து, அது வெடியாதிருக்க எடைதாங்கிய வால்வு ஒன்றையும் பொருத்தினார். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூதாதை அதுவே. குக்கரின் வெயிட் அடைபட்டாலும் காப்பதற்கென்று உருகும் குமிழ் ஒன்று மூடியில் உண்டு. அது உருகிப்போனால் கிடைத்த கம்பியைச் செருகி அடைத்துச் சமைப்போர் நம்மிடையே உளர். அதே அறியாமை வெளிநாட்டிலும் நம்மவரைத் தொடர்கிறது. சொட்டும் செப்புக்குழாயின் வாயில் துணியைத் திணிப்பதும் மூடியிட்டு அடைப்பதும் வீட்டை அழிக்கத்தக்க செயல்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளும் அவ்வேளையில் பழுதாகுமானால், அழுத்தத்தின் காரணமாக நீர் 100 பாகைக்கு மேலும் கொதியாமலே சூடேறும். கலன் பிளந்த கணத்தில் அந்நீரில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஆவியாகும் நீரோ தன்னைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை நாடும். அக்குழாய் திறந்திருக்கும் வரையில் நாம் அஞ்ச வேண்டியது சொட்டும் நீருக்கு மட்டுமே.

அக்குழாய்க்கு அருகில் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் இருக்கக்கூடும். அதிலிருந்து நீர் வடிவது குறைபாடன்று. எரிந்த வாயுவின் ஆவி குளிர்ந்து நீராகி அவ்வழியே செல்லும். 2005-ஆம் ஆண்டு ஏப்ரலுக்குப் பின் அந்நாட்டில் பொருத்தப்பட்ட எரிவாயுக் கொதிகலன்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. இவ்விரு குழாய்களையும் குழப்பிக்கொண்டு கலங்குவோர் பலர்.

இனிக் காரணத்தைக் கண்டறியும் வழிக்கு வருவோம். வேண்டுவன ஒரு தாளும் எழுதுகோலும்தாம். காலையில் கொதிகலன் எரியுமுன் முள் எங்கே நிற்கிறது, ஒரு மணி நேரம் எரிந்தபின் எங்கே நிற்கிறது, அணைத்துக் குளிர்ந்தபின் எங்கே வந்து நிற்கிறது ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நோய்களை இம்மூன்று எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

குளிர்ந்திருக்கும்போதே முள் 2-க்கு மேல் நின்று, நாள்தோறும் அதே இடத்தில் மாறாதிருக்குமாயின், நீர் மிகுதியாக நிரப்பப்பட்டுள்ளது என்பதே பொருள். இது எளிது. கொதிகலனை அணைத்து ரேடியேட்டர்கள் நன்றாகக் குளிர்ந்தபின், ஒரு ரேடியேட்டரின் மேல் மூலையிலுள்ள காற்றுநீக்கும் திருகை அதற்குரிய சிறு சாவியால் கால் சுற்று மட்டும் திருப்பி, கிண்ணத்தில் நீரைப் பிடிக்க வேண்டும். மைபோன்ற கறுத்த நீர் வரும். தரைவிரிப்பில் சிந்தினால் கறை போகாது. முள் 1-க்கும் 1½-க்கும் இடையில் வந்ததும் திருகை மூடிவிடலாம். திருகை முழுவதும் கழற்றிவிட்டால் மீண்டும் பொருத்துவது பெரும்பாடாகும். எவ்வளவு நீரை எடுத்தும் முள் அசையவில்லையெனில் அழுத்தமானியே பழுதடைந்திருக்கலாம்.

இரண்டாவது வகையில் முள் ஓரிடத்தில் நில்லாது. காலையில் 1-இல் இருக்கும். எரியத் தொடங்கிய சிறிது நேரத்தில் 3-ஐ எட்டி வெளியே நீர் கொட்டும். குளிர்ந்ததும் சுழிக்கு அருகில் விழுந்துவிடும். இங்கே விரிவுக் கலன் தன் காற்றை இழந்துவிட்டது, அல்லது ரப்பர்த் திரை கிழிந்துவிட்டது. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் இருப்பது போன்ற ஒரு சிறு வால்வு அக்கலனில் உண்டு. அதன் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதிலாக நீர் வருமாயின் திரை கிழிந்தது உறுதி. கலனையே மாற்ற வேண்டும். ஒன்றுமே வராவிடில், சுற்றின் நீரழுத்தத்தை முதலில் முற்றும் இறக்கிவிட்டு, தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுக்குக் காற்றை ஏற்ற வேண்டும். அஃது ஏறத்தாழ ¾ முதல் 1 பார் வரை இருக்கும். நீரழுத்தத்தை இறக்காமல் காற்றடித்தால் அளவு பொய்யாகிவிடும். இது பணியாளர் செய்ய வேண்டிய வேலை.

மூன்றாவது வகையே பலரையும் ஏமாற்றுவது. கொதிகலன் எரியவில்லை, வீடு குளிர்ந்து கிடக்கிறது, ஆயினும் இரவு 1-இல் நின்ற முள் காலையில் 2-ஐக் கடந்து நிற்கிறது. சூடில்லாமல் விரிவு ஏது? எங்கிருந்தோ புதுநீர் உள்ளே நுழைகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. முதலில் ஐயுற வேண்டியது நிரப்பு குழாயை. கொதிகலனுக்கு அடியில், பின்னல் உறையிட்ட வளைகுழாய் ஒன்று தெருக்குழாய் நீரையும் வெப்பச்சுற்றையும் இணைத்து நிற்கும். அதன் முனைகளில் சிறு கைப்பிடிகள் இருக்கும். கைப்பிடி குழாயின் போக்கிலேயே நீண்டிருந்தால் திறந்துள்ளது. குறுக்காக நின்றால் மூடியுள்ளது. நிரப்பியவர் மூட மறந்திருக்கலாம். மூடியிருந்தும் உள்ளே தேய்ந்து கசியலாம். வேலை முடிந்தபின் அவ்வளைகுழாயைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பதே அந்நாட்டு முறை. செய்வோர் சிலரே.

குழாயைக் கழற்றிய பின்னும் முள் ஏறுமாயின், வெந்நீருக்காக அமைந்த அந்த மெல்லிய தகடுகளில் ஊசித்துளை விழுந்திருக்கிறது. தெருக்குழாய் நீரின் அழுத்தம் வழக்கமாகச் சுற்றின் அழுத்தத்தினும் மிகுதியாதலால், அது துளை வழியே சுற்றுக்குள் புகுகிறது. தனியே வெந்நீர் உருளை உள்ள வீடுகளில், அவ்வுருளைக்குள் இருக்கும் சுருள்குழாயும் இவ்வாறு ஓட்டையாகலாம். வீட்டுக்கு வரும் நீரை முதன்மை வால்வில் இரவு முழுவதும் மூடிவைத்து, ஏற்றம் நின்றுவிடுகிறதா என்று பார்த்தால் ஐயம் தெளியும். இப்பழுதை நீக்கப் பணம் செலவாகும். அதனாலேயே பலர் நாள்தோறும் ரேடியேட்டர்த் திருகைத் திறந்து நீரைப் பிடித்துக் கொட்டிக் காலந்தள்ளுகின்றனர். இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

ஏனெனில், சுற்றுக்குள் நெடுநாள் இருந்த நீரில் உயிர்வளி தீர்ந்துபோயிருக்கும். அந்நீர் இரும்பை அதிகம் அரிப்பதில்லை. புதுநீர் புகுந்தோறும் உயிர்வளியும் புகுகிறது; ரேடியேட்டர்கள் உள்ளிருந்து அரிக்கப்படுகின்றன. கறுப்புச் சேறாக மாறிய அவ்விரும்பு பம்பையும் தகடுகளையும் அடைக்கிறது. அச்சேற்றின் ஒரு துணுக்கு, திறந்து மூடிய பாதுகாப்பு வால்வின் வாயில் சிக்கிக்கொண்டால் வால்வு முழுவதும் மூடாது, இடைவிடாது சொட்டும். அப்போது நிலைமை தலைகீழாகும். மிகுந்த அழுத்தத்துக்குப் பதிலாகக் குறைந்த அழுத்தம். வீட்டார் மீண்டும் நிரப்புவர், மீண்டும் புதுநீர். நோயின் தொடக்கம் விரிவுக் கலனில் இழந்த சிறிதளவு காற்றாகவே இருந்திருக்கும். முடிவில் கொதிகலனையே மாற்ற நேரும். ஒரு முறை திறந்து கசியும் வால்வை மாற்றுவதோடு, அது ஏன் திறந்தது என்பதையும் கேட்காத பணியாளர் அரைவேலை செய்தவரே.

எரிவாயு எரியும் பகுதியை மூடியுள்ள உறையை வீட்டார் எவரும் கழற்றலாகாது. புகையில் மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நஞ்சு இருக்கக்கூடும். அது உறையின் இணைப்பு வழியே அறைக்குள் கசிந்தால் உறக்கத்திலேயே உயிர் போகும். பிரிட்டனில் 2009 ஏப்ரல் முதல் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இடம்பெற்றோரே இவ்வேலையைச் செய்ய உரியவர்; வருபவரிடம் அவ்வட்டையைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நம் பிள்ளைகளுள் மிகப் பலர் வாடகை வீட்டிலேயே குடியிருக்கின்றனர். வீட்டுக்காரரிடம் முறையிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டாரோ என்னும் அச்சத்தால் வாய்மூடிக் குளிரில் கிடக்கின்றனர். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், குறுகிய கால வாடகை வீடுகளில் வெப்ப அமைப்பையும் வெந்நீர் அமைப்பையும் பழுதின்றி வைத்திருக்கும் கடமையை வீட்டுக்காரர் மீதே சுமத்துகிறது. எரிவாயுக் கருவிகளை ஆண்டுக்கொரு முறை சோதிப்பிப்பதும் அவர் கடமையே. 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில், கொதிகலன் உள்ள அறையில் நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி வைப்பதும் அவர் பொறுப்பாயிற்று. முறையீட்டை எழுத்தில் அனுப்புவது நன்று. மேலே கூறிய மூன்று எண்களையும் அதில் குறித்தால் எவரும் தட்டிக்கழிக்க இயலாது.

இப்போது அத்தாயாரிடம் வருவோம். அம்மா, முள் சிவப்பில் நிற்கக் கண்டால் முதலில் வெப்பத்தை நிறுத்தும் பொத்தானை அணையுங்கள். குளிரக் குளிர முள் தானே இறங்கும். கொதிகலனுக்கு அடியில் பாருங்கள். வளைகுழாயின் கைப்பிடி குழாயோடு நீண்டிருந்தால் குறுக்காகத் திருப்பி மூடுங்கள். இவ்விரண்டையும் நீங்கள் தாராளமாகத் தொடலாம். வெளியே சொட்டும் நீரின் கீழே கையை நீட்டாதீர்கள், தோலைப் பொசுக்கிவிடும். அவ்வழியே பிள்ளைகள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் சூடாயிருக்கையில் அதன் திருகைத் திறவாதீர்கள். பிறகு மகளை அழையுங்கள். வீடு சில்லிட்டுப்போகுமே என்று குழந்தைக்காகக் கலங்காதீர்கள். ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மின்சார அடுப்பான் இருந்தால் அதைத் துணிகளுக்கு எட்ட வைத்துப் பயன்படுத்தலாம். கரி அடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அறைக்குள் ஏற்றவேண்டா.

எரிவாயு நாற்றம் வீசினால் கதை வேறு. விளக்குப் பொத்தானைக்கூடத் தொடாமல், சன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தையோடு வெளியே சென்று, அங்கிருந்து 0800 111 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். அழைப்புக்குக் கட்டணம் இல்லை. பகலிரவு எந்நேரமும் ஆள் இருப்பர்.

இவ்வெண்ணையும், பணியாளரின் எண்ணையும், வீட்டுக்காரரின் எண்ணையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொதிகலனுக்கு அருகில் ஒட்டிவைக்குமாறு மகளிடம் சொல்லுங்கள். குளிர்ந்திருக்கும்போது முள் நிற்க வேண்டிய இடத்தையும், சூடேறியபின் நிற்கும் இடத்தையும் அதே தாளில் குறிக்கச் சொல்லுங்கள். ஊர் சேர்ந்த முதல் நாளிலேயே மகளை அருகில் நிறுத்தி, எந்தப் பொத்தான் வெப்பத்தை அணைக்கிறது, எந்தக் கைப்பிடி எப்பக்கம் திரும்புகிறது என்பதை உங்கள் கையாலேயே ஒரு முறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.